முப்பது மில்லி

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், தாய்ப்பால் எடுக்கிற பம்ப்பை இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். இரண்டு பாட்டிலில் இருந்ததையும் ஒன்றாக ஊற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தால் 30 மில்லி. பாட்டிலின் ஓரத்தில் ஒட்டிய துளிகளைக்கூடத் தட்டித் தட்டி இறக்கினேன். அப்போதும் 30தான்.

நான் கணக்கெழுதுகிறவள். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில், விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலைக்கு எடைக் கணக்கும் பணக் கணக்கும் போடுவது என் வேலை. அதனால் பாலுக்கும் கணக்குப் போட்டேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு. ஒன்பது மணி நேரம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு மணிக்கு 30 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆக 270 வேண்டும். நான் ஆபீஸில் உட்கார முடிவது இரண்டு தடவை. செலவு 270, வரவு 60. இப்படி ஒரு பக்கம் எங்கள் லெட்ஜரில் வந்தால் ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

பாப்பாவுக்கு அப்போது நாலரை மாதம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு சம்பளத்தோடு 26 வாரம் லீவு உண்டு. ஆனால் எனக்குக் கடைசி மாதங்களில் கால் வீங்கி, பிரசவத்துக்கு முன்பே ஏழு வாரம் போய்விட்டது. மிச்சம் 19 வாரம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலைக்கு நடுவே பாலூட்ட இரண்டு இடைவேளை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மேனேஜரிடம் அதைச் சொன்னபோது மறுக்கவில்லை. "எங்க உக்காருவீங்க?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி.

முதலில் உட்கார்ந்தது பழைய லெட்ஜர்கள் அடுக்கிய அறையில். ஜன்னல் கொக்கி உடைந்து சரியாகச் சாத்தாது. கோத்தகிரி மூடுபனி உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லவே வேண்டாம், பதினோரு மணிக்கும் உள்ளே வந்து உட்காரும். சில்லிட்டுக் கிடக்கும் பிளாஸ்டிக் புனலை எடுத்து மார்பில் வைத்ததும் தோள் இரண்டும் காதுவரை ஏறும். யாராவது லெட்ஜர் எடுக்க வருவார்களோ என்று கதவு மேலேயே கண். இந்த லட்சணத்தில் பால் எங்கே இறங்கும்?

பம்ப் உறிஞ்சுவதால் பால் வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரி. அப்படி இல்லை. பாலை உண்டாக்குவது புரொலாக்டின் என்ற ஹார்மோன். உண்டான பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன். பால் சுரக்கும் நுண்ணறைகளைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. ஆக்ஸிடோசின் வந்தால் அது சுருங்கிப் பாலைக் குழாய்களுக்குத் தள்ளும். அதைத்தான் பால் இறங்குவது என்கிறோம். வலி, குளிர், பதற்றம் எல்லாம் அதற்கு விரோதிகள். தசை தள்ளாதபோது மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் காம்புதான் புண்ணாகும்.

இதை எனக்குப் புரியவைத்தது என் மாமியார். ஆக்ஸிடோசின் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது.

அத்தை சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய குடும்பம். இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகத்தின் எஸ்டேட்டில், வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்து, பதினேழு வயதில் கூடை மாட்டியவர். என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாக இருந்தபோது எஸ்டேட்டில் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போவாராம். பத்து மணிக்குச் சங்கு ஊதினால் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

முதல் நாள் ராத்திரி நான் 30 மில்லிக்கு அழுதுகொண்டிருந்தபோது அவர் சொன்னது இது. "சங்கு சத்தம் காதுல விழுந்ததுமே ஜாக்கெட்டு நனைஞ்சிரும் புள்ள. புள்ள வாயி வெக்கக்கூட வேண்டியதில்ல. மலைக்கு அந்தப் பக்கம் இருந்தா மழையில எறங்கி வர முடியாது, மாரு கல்லாட்டம் கட்டிக்கிரும். தேயிலச் செடி மேலயே பீச்சி விட்டுட்டு மறுபடி கொழுந்து எடுப்போம்."

நான் அழுகையை நிறுத்திவிட்டு, "எப்படிப் பீச்சுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் முதலில் தன் இரண்டு கைகளையும் உரசினார், சூடு வரும்வரை. அப்புறம் கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, காம்பிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, கருவட்டத்தின் ஓரத்தில் பிடித்தார். நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே ஒரு அழுத்து. பிறகுதான் விரல்கள் ஒன்றை ஒன்று பார்த்து வரும் மாதிரி ஒரு அமுக்கு. விட்டுவிட்டு மறுபடி. விரல் தோல்மேல் வழுக்கவே இல்லை. நான் பசு கறப்பது மாதிரி முன்னால் இழுத்துக்கொண்டிருந்தேன். "இழுக்காத, தோலுதான் கன்னும். உள்ள அழுத்தி, அப்புறம் அமுக்கு" என்று கையைத் தட்டிவிட்டார். நாலாவது அமுக்கில் பால் ஊசி மாதிரிப் பீறிட்டு அவர் முந்தானையில் விழுந்தது. பம்ப்பில் அரை மணி நேரம் சொட்டிய அதே மார்புதான்.

மறுநாளிலிருந்து இடத்தை மாற்றினேன். எங்கள் ஃபேக்டரியில் டிரையருக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு சாம்பிள் ரூம் உண்டு. குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளைக் காய்ச்சி ருசி பார்க்கிற இடம். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும், கரண்டி, தராசு, ஒரு எலக்ட்ரிக் கெட்டில். டிரையர் சூடு சுவர் வழியாக வந்து அறை கதகதவென்றிருக்கும். பதினோரு மணிக்கு அங்கே யாருக்கும் வேலை இல்லை. உள்ளிருந்து தாழ்ப்பாளும் உண்டு. மேனேஜரிடம் சாவி கேட்டேன், கொடுத்தார்.

அங்கே போனதும் முதலில் கெட்டிலைப் போடுவேன். அது டக்கென்று அணைந்ததும் வெந்நீரை ஒரு பேசினில் விளாவி, புனல்களை அதில் போட்டு எடுத்துத் துடைத்துக்கொள்வேன். ஒரு கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து மார்பில் இரண்டு நிமிடம் ஒத்தடம். நானும் ஒரு டம்ளர் வெந்நீர் குடிப்பேன். பிறகு விரலால் மெதுவாக நீவிவிட்டு பம்ப்பை மாட்டுவேன். அந்த வாரமே 45 ஆனது.

என்னிடம் இதற்கென்று ஒரு சின்ன நோட்டு உண்டு. தேதி, நேரம், இடது, வலது, மொத்தம். வலது எப்போதும் பத்துப் பதினைந்து கூடத் தரும். எல்லோருக்கும் ஏதோ ஒரு பக்கம் அப்படித்தானாம்.

அடுத்தது அளவு. இதை நான் முதல் வாரமே பார்த்திருக்க வேண்டும். பம்ப்போடு வந்த புனலில் 24 என்று எழுதியிருந்தது. அது புனலின் குழல் அகலம், மில்லிமீட்டரில். டப்பாவில் கூடவே 27-ம் ஒன்று இருந்தது. 27 மில்லிமீட்டர் என்றால் நம் பத்து ரூபாய்க் காசின் அகலம். என் காம்பு எந்த ஊரில் பத்து ரூபாய்க் காசு அளவு இருக்கிறது? விற்றவர்கள் தந்த காகிதத்தில் உத்தரவாத அட்டைக்கு ஒரு பக்கம், இதற்கு ஒரு வரி இல்லை.

அளப்பது எளிது. தையல் நூலைக் காம்பின் அடியில் சுற்றி, கருவட்டத்தைச் சேர்க்காமல், எவ்வளவு நீளம் என்று ஸ்கேலில் பார்த்தேன். 5.6 சென்டிமீட்டர். 3.14-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர். 24 குழலுக்குள் அது போனால் சுற்றிலும் இடம் மிஞ்சும், அந்த இடத்தை நிரப்பக் கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபடும். பம்ப்பை எடுத்ததும் கருவட்டம் வீங்கி, வெள்ளையாய் ஒரு வளையம் விழுந்திருக்கும். நான் அதை பம்ப் நன்றாக இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டிருந்தேன்! ஆன்லைனில் சிலிகான் இன்சர்ட் ஒன்று வாங்கினேன், 19 அளவு. 24 புனலுக்குள் செருகிக்கொள்கிற குட்டிக் குழாய். மலைக்கு வந்துசேர ஐந்து நாள். போட்ட அன்று காம்பு மட்டும் முன்னும் பின்னும் தாராளமாகப் போய்வந்தது, வலி இல்லை. நோட்டில் அன்றைக்கு 70 என்று இருக்கிறது. கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். பாப்பா பால் குடிப்பதைக் கவனித்தால் தெரியும். வாய் வைத்ததும் சின்னச் சின்னதாய் வேகமாகச் சப்புவாள். பால் வந்ததும் ஆழமாக, நிதானமாக விழுங்குவாள். பம்ப்பிலும் அதே இரண்டு உண்டு. முதல் ஒன்றிரண்டு நிமிடம் வேகமான லேசான இழுப்பு, பால் பீறிட ஆரம்பித்ததும் மெதுவான ஆழ்ந்த இழுப்பு. ஏழெட்டு நிமிடத்தில் ஒழுக்கு குறைந்து சொட்டாகும். அங்கேதான் நான் முன்பெல்லாம் நிறுத்திவிடுவேன், இல்லையென்றால் இழுப்பைக் கூட்டுவேன். இரண்டும் தப்பு. மறுபடி வேகமான லேசான இழுப்புக்குப் போனால், ஓரிரு நிமிடத்தில் இரண்டாவது தடவை பால் இறங்கும். முதல் தடவை அளவுக்கு வராது, ஆனாலும் அது 15, 20 மில்லி. விட மனசு வருமா?

இழுப்பைக் கூட்டுவது பற்றி ஒரு மலைக் கதை. பிரசவத்துக்கு மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது பம்ப்பை நாலாம் நம்பரில் வைத்தாலே சுருக்கென்று இழுக்கும். இங்கே வந்த பிறகு அதே நாலு சும்மா தடவிக்கொடுத்தது. பம்ப் பழுது என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வருவதற்குள் தலையணையாய் உப்புவது ஏன்? ஆறாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். என்னுடையது மாதிரிச் சாதாரண பம்ப், சுற்றியிருக்கிற காற்றை வைத்துத்தான் வெற்றிடம் உண்டாக்கும். காற்று மெலிந்தால் இழுப்பும் மெலியும். ஐந்தில் வைத்தேன், சரியாகப் போயிற்று. வலிக்காத அளவில் எது அதிகமோ அதுதான் சரியான நம்பர்.

அதே காரணத்தால் இங்கே தண்ணீரும் 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். கிருமிக்கு அது போதும்தான். ஆனாலும் மனசு கேட்காமல், ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தால் நான் பத்து நிமிடம் கொதிக்கவிடுவேன். இந்த அதிகப்பிரசங்கித்தனம் பின்னால் எனக்கே வினையானது, வருகிறேன்.

கையையும் பம்ப்பையும் சேர்த்தது மூன்றாவது வாரத்தில். இரண்டு புனலையும் பிடித்துக்கொண்டிருந்தால் நீவ ஏது கை? ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பிராவை எடுத்து, இரண்டு பக்கமும் காம்பு வரும் இடத்தில் கத்தரிக்கோலால் ஒரு கீறல் போட்டேன். புனல் அதில் செருகிக்கொண்டு நிற்கும், கை இரண்டும் விடுதலை. பம்ப் ஓடும்போது அக்குள் பக்கத்திலிருந்து காம்பை நோக்கி நீவுவேன், கட்டியாகத் தட்டுப்படும் இடத்தில் விரலை ஊன்றிப் பிடிப்பேன். முடிந்ததும் அத்தை சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம் கையால். சொட்டுச் சொட்டாகத் தெரிந்தாலும் அதுதான் கெட்டியான பால், கொழுப்பு கடைசியில்தான் அதிகம். நோட்டில் 95.

பிறகு தேடிப் படித்தால், இது ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஜேன் மார்ட்டன் என்ற குழந்தை மருத்துவரும் கூட இருந்தவர்களும் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்கள் பம்ப்போடு கையையும் சேர்த்துக்கொண்டால் பால் கூடுகிறது என்று. அத்தையிடம் உற்சாகமாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார், "அந்தம்மா எந்த எஸ்டேட்டு?"

இதற்கிடையே விடியற்காலைப் பால். ராத்திரியில் புரொலாக்டின் அதிகம் சுரப்பதால் காலையில் மார்பு நிறைந்திருக்கும். ஐந்து மணிக்குப் பாப்பா ஒரு பக்கம் குடித்துவிட்டுத் தூங்கியதும், அடுத்த பக்கத்தை அடுப்படியில் உட்கார்ந்து எடுத்துவிடுவேன். 60 வரும். ஆக விடியலில் 60, ஆபீஸில் இரண்டு தடவையாக 95, 90. செலவு 270, வரவு 245. மிச்சத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் துப்பட்டாவை இழுத்து வசூல் செய்துவிடுவாள்.

வீட்டில் அத்தை பாட்டில் கொடுப்பதில்லை, பாலாடைதான். ஃபிரிஜ்ஜில் இருந்த பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து, மேலே மிதக்கும் ஏட்டைக் கலக்க லேசாகச் சுழற்றி, மடியில் உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்தி ஊற்றுவார். அடுப்பில் நேரே சுடவைக்கக் கூடாது என்று ஒரு தடவைதான் சொன்னேன். பால் வெளியே 25 டிகிரிக்குள் நாலு மணி நேரம் தாங்கும், ஃபிரிஜ்ஜில் உள்பக்கம் வைத்தால் நாலு நாள். கோத்தகிரியில் பாதி நாள் ஊரே ஃபிரிஜ்தான். ஆனாலும் டிரையர் பக்கத்து அறை ஆயிற்றே, ஐஸ் பேக்கோடு டிபன் பையில்தான் கொண்டுவருவேன். ஒன்று மட்டும், இப்போது எடுத்த சூட்டுப் பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு அப்படியே ஊற்றிவிடாதீர்கள். ஆறவைத்துச் சேருங்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, கார்த்திகை மாதத்தில் பால் குறைந்துவிட்டது. நோட்டைப் பார்க்கிறேன்: 90, 75, 60, 50, 40. ஒரே வாரம். பாப்பாவுக்கு ஏழு மாதம் ஓடிக்கொண்டிருந்தது, கேழ்வரகுக் கஞ்சி ஆரம்பித்தாயிற்று. "அவ்வளவுதான், பால் வத்திருச்சு" என்று அம்மா போனில் சொன்னாள். சின்னம்மா தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி கொடுத்தனுப்பினார். பக்கத்து வீட்டு அக்கா பூண்டுப் பால். மதியத்துக்குச் சுறாப் புட்டு, ராத்திரிக்கு முருங்கைக்கீரை. பூண்டுப் பாலை நான் இன்றைக்கும் குடிக்கிறேன், ருசிக்காக. நோட்டில் 40 நாற்பதாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் பால்பவுடர் டின் ஒன்று வாங்கிவந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அந்த டின்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

தடுப்பூசிக்குப் போனபோது கிராம செவிலியர் அக்காவிடம் கேட்டேன். அவர் என் மார்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாவை எடைபோட்டார், ஏறியிருந்தது. "ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாம ஒண்ணுக்குப் போறாளா?" போகிறாள். "உங்ககிட்ட நேரா குடிக்கும்போது முழுங்குற சத்தம் கேக்குதா?" கேட்கிறது. "அப்ப பால் வத்தல. மெசினப் பாருங்க."

சாயங்காலம் பம்ப்பைப் பிரித்துப் பரப்பினேன். மோட்டார் சத்தம் எப்போதும் போல. டியூபில் ஓட்டை இல்லை. புனலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு சிலிகான் வால்வு இருக்கும், வாத்து மூக்கு மாதிரி. முனையில் மெல்லிய பிளவு. இழுக்கும்போது மூடிக்கொள்ளும், விடும்போது திறந்து பாலைக் கீழே விடும். அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் லேசாக அமுக்கினேன். பிளவின் ஓரத்தில், நெல் மணி நீளத்துக்கு இன்னொரு கிழிசல். அடுத்த வால்விலும் அதே இடத்தில். அது மூடவே இல்லை. இழுத்த இழுப்பெல்லாம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கிழித்தது யார்? நான்தான். பால் ஏடு ஒட்டியிருக்குமோ என்று பாட்டில் பிரஷ்ஷின் முனையை உள்ளே விட்டுத் தினமும் தேய்த்தவள், பத்துப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தவள். அந்த வால்வை விரலால் மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசவேண்டும். தினம் மூன்று தடவை ஓட்டுகிறவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடவும் வேண்டும். நான் நாலு மாதமாக அதே வால்வை ஓட்டியிருக்கிறேன். புது ஜோடி வரும்வரை மூன்று நாள், அத்தை வழியில், கையால் மட்டுமே எடுத்தேன். மணிக்கட்டு வலித்தது. ஆனால் 70-க்குக் குறையவில்லை. நடுவில் ஒரு நாள் காற்றில் மரம் சாய்ந்து ஃபேக்டரிக்கே கரண்ட் இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

புது வால்வு போட்ட முதல் நாள் 90. பால்பவுடர் டின் இன்னும் பிரிக்காமல் அதே தட்டில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை. பாப்பா உள்ளே தூங்குகிறாள், நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். காப்பிக்காக வீட்டுக்காரர் புதிதாக வாங்கிவந்த கெட்டில் மேடையில் கொதித்து, டக்கென்று அணைந்தது. மார்பில் சுருக்கென்று ஒரு குறுகுறுப்பு. குனிந்து பார்ப்பதற்குள் நைட்டியில் இரண்டு வட்டம்.

அத்தை பார்த்துவிட்டார். கெட்டிலை ஒரு தடவை, என்னை ஒரு தடவை.

"ஊதிருச்சா சங்கு?" என்றார்.